பிறப்புறுப்பு மரு: எங்கே போவது, என்ன கேட்பது, எவ்வளவு செலவாகும்

பிறப்புறுப்பில் மரு தட்டுப்பட்டால் பலரும் அதை மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். அதற்குள் ஒன்று பத்தாகிவிடுகிறது. கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு திரவம் தோலைச் சுட்டுவிட, கடைசியில் டாக்டரிடம் போகும்போது மருவை விட்டுவிட்டு முதலில் புண்ணை ஆற்ற வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இது தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற பிரச்சினை. ஆரம்பத்திலேயே போனால் வலியும் குறைவு, செலவும் குறைவு.

இது தமிழ்நாட்டில் இருக்கும் இளைஞர்களுக்காக, ஆண் பெண் இருபாலருக்கும் எழுதியது. 18 வயது நிரம்பாதவர்கள் 9ஆம் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை கொஞ்சம்தான். காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 சதவீதம் 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருபவை. இந்த இரண்டும் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைந்த வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வேறு. தோலோடு தோல் உரசுவதால் தொற்றுகிறது. முழுமையான உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. தொற்றி மூன்று வாரம் முதல் எட்டு மாதத்துக்குள் பெரும்பாலும் மரு வெளியே தெரியும். சிலருக்கு அதற்கும் பிந்தும். பஸ் சீட், நீச்சல் குளம் என்று தேடிக் குழம்ப வேண்டாம்.

1. அது மருதானா?

பயந்து வருபவர்களில் கணிசமானோருக்கு மருவே இருக்காது. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

மரு என்றால் தோல் நிறத்திலோ, இளஞ்சிவப்பாகவோ, சற்றுக் கருத்தோ இருக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பெரிதாகும்போது காலிஃபிளவர் பூ மாதிரி கிளைவிடும். எண்ணிக்கையும் அளவும் வாரங்களில் மாறும். வலி பொதுவாக இருக்காது. அரிப்பு இருக்கலாம், உரசினால் ரத்தம் கசியலாம்.

மரு அல்லாதவை இவை. ஆண்குறியின் மொட்டு விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் வரிசை பிடித்து நிற்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் இயல்பானவை. பருவ வயதில் தோன்றும், தொற்றாது, சிகிச்சை வேண்டியதில்லை. பெண்களுக்கு உள்ளுதட்டின் உட்புறம் இரண்டு பக்கமும் சமச்சீராக மென்மையான சிறு முளைகள் இருப்பதும் அப்படித்தான். தோலை இழுத்துப் பிடித்தால் தெரியும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். நடுவில் குழி விழுந்த, பளபளப்பான, உருண்டையான கட்டிகள் மொலஸ்கம் என்ற வேறொரு வைரஸால் வருபவை. பாலுண்ணி என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் சிகிச்சை வேறு.

தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. தட்டையாக, ஈரமாக, சாம்பல் வெள்ளை நிறத்தில் பரவியிருக்கும் தடிப்புகள் மேகப்புண் என்கிற சிபிலிஸின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். பார்க்க மரு மாதிரியே இருக்கும். மருவுக்குப் பூசும் எந்த மருந்தும் இதைக் குணப்படுத்தாது. ரத்தப் பரிசோதனையில் உறுதியானால், ஆரம்ப நிலையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால் குணமாகும். கண்ணால் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்காமலே அனுப்பும் இடத்தில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், வி.டி.ஆர்.எல். பார்த்துவிடலாமா?" சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையின் பெயர் அது.

ஆசனவாயைச் சுற்றி வரும் மருவை மூலம் என்று நினைத்து மூல வைத்திய சாலைக்குப் போய் மாதங்களை வீணடிப்பதும் நடக்கிறது. ஆசனவாயில் மரு வர அந்த வழியில் உறவு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு வாய்ப்பே இல்லை, இது மூலம்தான்" என்று நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள்.

2. டாக்டரைப் பார்க்கும் வரை எதையும் பூசாதீர்கள்

கை, கால் மருவுக்கும் கால் ஆணிக்கும் விற்கும் சாலிசிலிக் அமிலத் திரவங்களும் பிளாஸ்திரிகளும் பிறப்புறுப்புக்கு ஆகாது. அங்கே தோல் மெல்லியது, ஈரமானது; மருந்து பரவி நல்ல தோலையும் அரித்துவிடும். சுண்ணாம்பும் வெள்ளைப் பூண்டு விழுதும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் அதே காயத்தைத்தான் உண்டாக்கும். அம்மான் பச்சரிசிப் பாலைக் கழுத்து மருவுக்கு வைத்துப் பழகிய வீடுகளில் அதையே இங்கும் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பால் மெல்லிய தோலில் கொப்புளம் போடும். குதிரை முடியாலோ நூலாலோ கட்டி அறுப்பது, பிளேடால் கிள்ளுவது இரண்டும் ரத்தப்போக்கையும் சீழையும் கொண்டுவரும்.

முடி மழிப்பதை நிறுத்துங்கள். ரேசர் போடும் நுண்ணிய கீறல்கள் வழியாக வைரஸ் பக்கத்துத் தோலில் இறங்கி, மரு வரிசையாக முளைக்கும். முடி தொந்தரவாக இருந்தால் கத்தரிக்கோலால் குறைத்துக்கொள்வதோடு விடுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்புகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். அவை அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பைக் குறைத்து மருவை வளர விடும்.

3. எந்த டாக்டர், எந்த ஓ.பி.

நீங்கள் போக வேண்டியது தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம். எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பிறகு எம்.டி. டி.வி.எல்., அல்லது டி.டி.வி.எல். என்று பலகையில் இருக்கும். பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமும் போகலாம். சிறுநீர்த் துவாரத்துக்கு உள்ளே மரு இருந்தாலோ, சிறுநீர் இரண்டாகப் பிரிந்து போனாலோ யூராலஜிஸ்ட். ஆசனவாய்க்கு உள்ளே இருந்தால் அறுவைச் சிகிச்சைத் துறை. இந்த இரண்டு இடத்துக்கும் தோல் மருத்துவரே எழுதி அனுப்புவார். நீங்களாக நேரே போக வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையே எங்கள் பரிந்துரை. பணம் மட்டும் காரணமில்லை. அங்கே பால்வினை நோய்க்கான ஓ.பி., எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசகர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். ஒரு நாளில் பலரைப் பார்க்கும் டாக்டர்கள் என்பதால் கேள்விகளும் நேராக இருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் தோல் துறையும் பால்வினை நோய்த் துறையும் தனித்தனி. தோல் ஓ.பி.யில் வரிசையில் நின்று, பிறகு வேறு கட்டடத்துக்கு அனுப்பப்படுவது சகஜம். இதைத் தவிர்க்க, சீட்டுப் போடும் இடத்திலேயே "எஸ்.டி.டி. ஓ.பி.", அதாவது பால்வினை நோய்ப் பிரிவு, என்று கேளுங்கள். சில இடங்களில் அந்தப் பிரிவின் பலகையில் "சுகவாழ்வு மையம்" என்று இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தின் பெயர் "நம்பிக்கை மையம்".

நேரம் முக்கியம். காலை ஓ.பி. பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். 8 மணிக்குச் சீட்டுப் போட்டால் ரத்தம் கொடுத்து, டாக்டரையும் பார்த்து, மருந்தும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வெளியே வரலாம். 11 மணிக்குப் போனால் ரத்தப் பரிசோதனை மறுநாளைக்குப் போகும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம்.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 1097ஐ அழையுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண் இது. பால்வினை நோய் பற்றியும் கேட்கலாம், அருகில் உள்ள அரசு மையத்தைச் சொல்வார்கள்.

போகவே கூடாத இடம் லாட்ஜ் அறையில் "மாதம் ஒருமுறை முகாம்" போடும் ரகசிய நோய் வைத்தியர்கள். சுவரொட்டியில் பட்டப்பெயர்கள் நிறைய இருக்கும், பதிவு எண் இருக்காது. அவர்கள் முதலில் பயத்தைத்தான் கிளப்புவார்கள்: இது பரம்பரைக்கே போகும், ஆண்மை போய்விடும் என்பார்கள். இரண்டும் பொய். பிறகு பல ஆயிரம் ரூபாய்க்குப் பொடியும் லேகியமும் கட்டித் தருவார்கள். உண்மையான டாக்டரின் மருந்துச் சீட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். அதைக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

4. என்ன கொண்டுபோவது, என்ன கேட்பார்கள்

அரசு ஓ.பி.யில் பெயர், வயது, ஊர், கைபேசி எண் போதும். சில மருத்துவமனைகளில் ஆதார் கேட்பார்கள். எண் கையில் இருந்தால் பதிவு வேகமாக முடியும். கையில் இல்லையென்பதற்காக வீடு திரும்ப வேண்டாம், சீட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் யாராவது உங்கள் கைபேசியைப் பார்ப்பார்கள் என்றால், ரத்தப் பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டாம், நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முன்பு பூசிய மருந்துகளின் டப்பாவையோ படத்தையோ எடுத்துப்போங்கள். மரு முதலில் தெரிந்த தேதி, கடைசி உறவின் தேதி, மருந்து ஒவ்வாமை, சர்க்கரை நோய் ஆகியவற்றைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கடைசி மாதவிடாய்த் தேதியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்ப்பமாக இருந்தால் பாதி மருந்துகள் கூடாது.

எத்தனை பேரோடு உறவு, ஆணோடா பெண்ணோடா, வாய்வழியா, ஆசனவாய்வழியா, ஆணுறை போட்டீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள். மாற்றிச் சொன்னால் உள்ளே இருக்கும் மரு பார்க்கப்படாமலே போகும். பயிற்சி மாணவர்கள் அறையில் நின்றால், அவர்கள் வெளியே இருக்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். கேட்காமலே வைத்துக்கொள்வதுதான் முறை.

5. எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம்

மருவை டாக்டர் நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்கென்று ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மருவை உறுதிப்படுத்த எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. 2,000, 3,000 என்று செலவாகும், சிகிச்சை அதனால் மாறாது. எச்.பி.வி. டெஸ்ட் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை. ஆண்களுக்கு அது எதற்கும் உதவாது. தனியார் லேப் தொகுப்பில் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவசியமானவை மூன்று: எச்.ஐ.வி., சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., மஞ்சள் காமாலை பி-க்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி. மரு இருந்தால் இவையும் இருக்கும் என்று அர்த்தமில்லை. வரும் வழி ஒன்று என்பதால் பார்க்கிறார்கள். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டு மூன்று மாதம் ஆகவில்லையென்றால், மூன்று மாதம் முடிந்ததும் எச்.ஐ.வி. பரிசோதனையை இன்னொரு முறை எடுங்கள். முதலில் இல்லை என்று வந்ததை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

மரு கருத்து, கெட்டியாகி, புண்ணாகி, தானாக ரத்தம் கசிந்தால், அல்லது சிகிச்சைக்கு அசையவே இல்லையென்றால் ஒரு சின்னத் துண்டை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இது சீக்கிரமே தேவைப்படலாம்.

6. டாக்டர் கையால் செய்யும் சிகிச்சைகள்

எந்தச் சிகிச்சையும் வைரஸை உடலிலிருந்து துடைத்து எடுக்காது. வெளியே தெரியும் மருவை நீக்கும். மிச்சத்தை உங்கள் எதிர்ப்பு சக்தி மாதங்களில் அடக்கும். இதைத் தெரிந்துகொண்டால் "ஒரே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரத்துக்கு ஏமாற மாட்டீர்கள். சிலருக்கு எதுவும் செய்யாமலே ஓராண்டுக்குள் மறைவதும் உண்டு. அதற்காகக் காத்திருக்கலாம், ஆனால் டாக்டர் பார்த்து மரு என்று உறுதி செய்த பிறகு.

*உறைய வைப்பது.* திரவ நைட்ரஜனை ஸ்பிரே செய்வார்கள் அல்லது பஞ்சால் தொட்டு வைப்பார்கள். மருவும் அதைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டரும் வெள்ளையாக உறையும். சில நொடிகள் சுள்ளென்று எரியும். ஓரிரு நாளில் கொப்புளம் வரும், ஒன்று முதல் இரண்டு வாரத்தில் உதிரும். ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் சில தடவை வர வேண்டும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் சில மாதம் வெளுத்தோ கருத்தோ இருக்கும். பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும். அரசு மருத்துவமனைகளில் நைட்ரஜன் எல்லா நாளும் இருப்பதில்லை. எந்தக் கிழமை வரும் என்று கேட்டு அன்றைக்கே மறுதேதி வாங்குங்கள்.

*ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம்.* 80 முதல் 90 சதவீத அமிலத்தைக் குச்சியால் மருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பார்கள். வெள்ளைப் பூத்ததும் நிறுத்துவார்கள். எரிச்சல் தாங்க முடியாமல் போனால் உடனே சொல்லுங்கள், சோடா உப்போ சோப்பு நீரோ போட்டால் அடங்கும். வாரம் ஒருமுறை செய்வார்கள். சின்ன, ஈரமான மருக்களுக்கு நன்றாக வேலை செய்யும்.

*பொடோபில்லின் 20 முதல் 25 சதவீதம்.* டாக்டர் பூசி, நான்கு மணி நேரத்துக்குள் கழுவச் சொல்வார். கழுவ மறந்து ராத்திரி முழுக்க விட்டவர்களுக்குத்தான் ஆழமான புண் வருகிறது. கைபேசியில் அலாரம் வையுங்கள். கர்ப்பத்தில் கண்டிப்பாகக் கூடாது.

*மின்சூட்டால் எரிப்பது, ரேடியோ அலை, கத்தியால் சீவுவது, லேசர்.* மரத்துப்போக ஊசி போட்டு ஒரே தடவையில் நிறைய மருவை எடுத்துவிடலாம். ஆறுவதற்கு இரண்டு வாரமாவது ஆகும். பெரிய, அடர்த்தியான, நாள்பட்ட மருக்களுக்கு இது சரி. நான்கைந்து சின்ன மருவுக்கு எடுத்த எடுப்பிலேயே லேசர் என்று சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

செய்துகொண்ட பிறகு: வெதுவெதுப்பான உப்பு நீரில் நாளுக்கு இரண்டு தடவை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குப் பைக் பயணமும் சைக்கிளும் வேண்டாம். சீழ், காய்ச்சல், நிற்காத ரத்தம், சிறுநீர் போக முடியாமை இருந்தால் மறுதேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

7. வீட்டில் பூசும் மருந்துகள்

எழுதித் தருவது இரண்டில் ஒன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் நீங்களாகச் சேர்த்துப் பூசாதீர்கள். எங்கே மரு இருக்கிறது என்று டாக்டரைக் கண்ணாடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அனுமானத்தில் பூசினால் நல்ல தோல்தான் வேகும்.

பொடோபில்லோடாக்சின் 0.5 சதவீதத் திரவம்: காலை ஒன்று, இரவு ஒன்று என்று தொடர்ந்து மூன்று நாள். பிறகு நான்கு நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. மரு மறையும் வரை அதிகபட்சம் நான்கு சுற்று. கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு, பஞ்சுக் குச்சியால் மருவின் மேல் மட்டும் தொட்டு வைத்துக் காய விடுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு முன்பே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு மொத்தம் அரை மில்லிக்கு மேல் போகக் கூடாது. மூன்றாம் நாள் எரிச்சலும் சிவப்பும் வருவது சகஜம். ஓய்வு நாட்களில் "விட்டுப்போச்சே" என்று பூசிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

மெடிக்கல் ஷாப்பில் கவனம். மேலே சொன்ன பொடோபில்லின் 20 சதவீதமும் இந்தப் பொடோபில்லோடாக்சின் 0.5 சதவீதமும் பெயரில் கிட்டத்தட்ட ஒன்று. முதலாவது டாக்டர் கையால் பூச வேண்டியது, சில மணி நேரத்தில் கழுவ வேண்டியது. இரண்டாவதுக்குச் சொன்ன முறையில் முதலாவதைப் பூசினால் தோல் வெந்துவிடும். பாட்டிலில் சதவீதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்க வேண்டாம்.

இமிக்விமோட் 5 சதவீதக் கிரீம்: வாரம் மூன்று இரவு மட்டும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. படுக்கும் முன் மெல்லியதாகத் தடவி மறையும் வரை தேய்த்துவிட்டு, 6 முதல் 10 மணி நேரம் கழித்துக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முன்தோல் உள்ள ஆண்கள் உள்ளே பூசினால் தினமும் தோலைப் பின்னிழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். இது மருவை நேரடியாக எரிக்காது, உங்கள் எதிர்ப்பு சக்தியை அந்த இடத்தில் தூண்டிவிடும். அதனால் மெதுவாகத்தான் பலன் தெரியும். முதல் மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். சிவப்பும் தோல் உரிவதும் மருந்து வேலை செய்வதைக் காட்டும். புண்ணாகிவிட்டால் சில நாள் நிறுத்தி, டாக்டரைக் கேட்டு மீண்டும் தொடங்குங்கள். இந்தக் கிரீம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். பூசியிருக்கும் நேரத்தில் உறவு வேண்டாம்.

இரண்டு மருந்தும் பெண்ணுறுப்பின் உட்புறத்துக்கும் ஆசனவாய்க்குள்ளும் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போதும் கூடாது.

8. செலவு

அரசு மருத்துவமனையில் சீட்டு, பரிசோதனை, சிகிச்சை இலவசம். இமிக்விமோட் மாதிரி மருந்து கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்க நேரலாம்.

தனியாரில் ஊருக்கு ஊர் மாறும். டாக்டர் கட்டணம் 300 முதல் 1,000 ரூபாய் வரை இருக்கும். உறைய வைப்பது ஒரு சிட்டிங்குக்கு ஆயிரத்தில் தொடங்கும். மின்சூடு, ரேடியோ அலை சில ஆயிரங்கள். லேசர் பத்தாயிரத்தைத் தாண்டலாம். "ஒரு மருவுக்கு இவ்வளவு" என்ற கணக்கா, "ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு" என்ற கணக்கா என்று முன்னாலேயே கேளுங்கள்; இதில்தான் பில் எதிர்பாராமல் ஏறுகிறது. மறுபடி வந்தால் அடுத்த சிட்டிங்குக்கு முழுக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். இமிக்விமோட் சின்னப் பாக்கெட்டாக விற்கும். வாரம் 3 வீதம் 16 வாரத்துக்கு 48 பாக்கெட் வரை போகலாம் என்று கணக்குப் போட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஓ.பி. செலவு பெரும்பாலும் கிடைக்காது. வீட்டாரோ அலுவலகமோ எடுத்த பாலிசியில் பில் போட்டால் விவரம் அவர்கள் கண்ணில் படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. 18 வயது நிரம்பாதவர்களுக்கு

மருத்துவமனைக்குப் போகப் பயப்படாதீர்கள். சிகிச்சை உங்கள் உரிமை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு பாலுறவு நடந்திருப்பதாகத் தெரிந்தால் டாக்டர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நீங்கள் சம்மதித்திருந்தாலும். அதனால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரோடு போங்கள்: அம்மா, அக்கா, சித்தி, பள்ளி ஆசிரியை. யாராவது உங்களை வற்புறுத்தியிருந்தால் தப்பு அவர்களுடையது, உங்களுடையது இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண், கட்டணம் இல்லை.

சின்னக் குழந்தைகளுக்கு அந்த இடத்தில் மரு இருந்தால், பெற்றோரின் கைமருவிலிருந்தோ பிரசவத்தின்போதோ தொற்றியிருக்கலாம். துன்புறுத்தலாகவும் இருக்கலாம். வீட்டிலேயே யாரையும் குற்றம் சாட்டாமல், மூடியும் மறைக்காமல், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

10. துணையிடம் சொல்வது

பலருக்குச் சிகிச்சையை விட இதுதான் கடினம். வைரஸ் உடலில் பல மாதம், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். அதனால் யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு மரு வந்ததை வைத்து கணவனோ மனைவியோ துரோகம் செய்ததாக முடிவு கட்ட முடியாது. "யார் கொடுத்தது" என்று தொடங்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "எனக்கு ஒரு மரு வந்திருக்கு, டாக்டரைப் பார்த்தேன். தொட்டாலே ஒட்டுற வைரஸ், எப்ப வந்ததுன்னு சொல்ல முடியாதாம். நீயும் ஒரு தடவை காட்டிட்டா நல்லது." டாக்டரிடம் சேர்ந்து போய் அவர் வாயால் கேட்பது இன்னும் நல்லது.

துணைக்கு எச்.பி.வி. டெஸ்ட் வேண்டாம். தோலைப் பார்த்து மரு இருக்கிறதா என்று சொல்லி, மேலே சொன்ன மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் செய்தால் போதும். மரு முழுக்கப் போய்ப் புண் ஆறும் வரை உறவைத் தள்ளி வையுங்கள். வாய்வழி உறவும் இதில் அடக்கம். அதன் பிறகு ஆணுறை போடுங்கள். அது முழுப் பாதுகாப்பு தராது, மூடாத தோல் வழியாகத் தொற்றலாம். ஆனால் வாய்ப்பைக் குறைக்கும், எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் தடுப்பதில் பெரிதும் உதவும்.

11. பெண்கள், கர்ப்பிணிகள்

மரு வந்ததாலேயே கருப்பைவாய்ப் பரிசோதனையை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. உங்கள் வயதுக்குரிய அட்டவணைப்படி எடுத்தால் போதும். இந்தியாவில் அரசின் முன்பரிசோதனை 30 வயதிலிருந்து. கருப்பைவாயிலேயே மரு தெரிந்தால் மட்டும் மகப்பேறு மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் மரு வேகமாகப் பெரிதாகலாம். உறைய வைப்பதும் அமிலமும் அப்போது செய்யலாம். மருவுக்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. பிறப்பு வழியை அடைக்கும் அளவுக்கு இருந்தாலோ, அதிகம் ரத்தம் கசியும் என்றாலோதான். குழந்தை பெறும் திறனை மரு கெடுக்காது.

12. மறுபடி வந்தால்

முதல் மூன்று மாதத்தில் மறுபடி முளைப்பது சாதாரணம். சிகிச்சை தோற்றதாகவோ, புதிதாகத் தொற்றியதாகவோ நினைக்க வேண்டாம். பக்கத்துத் தோலில் பதுங்கியிருந்த வைரஸ்தான் காரணம். வாரம் ஒருமுறை குளித்த பிறகு கைக்கண்ணாடியில் பாருங்கள். அதற்கு மேல் தினமும் தேடினால் நிம்மதி போவதுதான் மிச்சம். ஒன்றிரண்டு சின்னதாக வந்ததும் போனால் ஒரே சிட்டிங்கில் முடியும். ஒரே முறையில் மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் இந்தக் காலத்திலாவது நிறுத்துங்கள். புகை தோலின் எதிர்ப்பைக் குறைக்கிறது.

13. தடுப்பூசி

தடுப்பூசி இருக்கிற மருவைக் கரைக்காது. உங்களுக்கு இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து காக்கும். அதனால் மரு வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், தம்பி தங்கைகளுக்கும் போடலாம். 6, 11 வகைகள் அடங்கிய ஊசியா என்று கேட்டு வாங்குங்கள். மருவைத் தடுப்பது அதுதான். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் நான்கு வகைகளுக்கு எதிரானது: 6, 11, 16, 18. ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். கார்டசில் 9 ஒன்பது வகைகளுக்கு எதிரானது, விலை பத்தாயிரத்தைத் தாண்டும். மருவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். 15 வயதுக்கு மேல் மூன்று: முதல் ஊசி, இரண்டாம் மாதம் அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. போட்டவுடன் சிலருக்குத் தலைசுற்றும். 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். கர்ப்பமாக இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு. முதல் ஊசியன்றே அடுத்த இரண்டு தேதிகளையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். ஊர் மாறினாலும் அந்த அட்டையைக் காட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேதி தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.